எலும்பில் படவேண்டிய பட்டி

பொலிஸைக் கண்டதும் பெல்ட்டை இழுத்து நெஞ்சுக்குக் குறுக்கே பிடித்துக்கொண்டு, தாண்டிப் போனதும் விட்டுவிடுகிற ஆட்களை எங்கள் எல்லோருக்கும் தெரியும். சிலவேளை அது நாங்களாகவே இருப்போம். வெறும் பட்டிதானே என்ற எண்ணம். ஆனால் அந்தப் பட்டி உடம்பில் எந்த இடத்தில் படவேண்டும் என்று கண்டுபிடிக்கவே பல வருசங்கள் எடுத்தது. அதற்கிடையில், காப்பாற்ற வந்த பட்டியே ஆட்களைக் காயப்படுத்தியும் இருக்கிறது.

அமெரிக்காவில் நாஷ் கம்பனி 1949 இல் தன் கார்களில் ஆசனப்பட்டி கொடுத்தது. அடுத்த சில வருசங்களில் ஃபோர்டும் கொடுத்தது. இரண்டும் விமானத்தில் இருப்பது மாதிரி மடிக்குக் குறுக்கே கட்டுகிற பட்டிகள். மோதும்போது கார் நின்றுவிடும், உள்ளே இருக்கும் உடம்பு நிற்காது. மடிப்பட்டி இடுப்பைப் பிடித்துக்கொள்ள, மேலுடம்பு கத்தி மடிவதுபோல முன்னால் மடியும். தலை ஸ்டியரிங்கில் போய் அடிக்கும். பட்டி தளர்வாக இருந்தால் நிலைமை இன்னும் மோசம். அது இடுப்பெலும்பை விட்டு மேலே வழுகி வயிற்றில் ஏறும். குடல் கிழியும், முள்ளந்தண்டின் கீழ்ப்பகுதி முறியும். இந்தக் காயங்கள் ஒன்றாக வருவதைக் கவனித்த மருத்துவர்கள் 1962 இல் அதற்கு ‘சீற்பெல்ட் சின்ட்ரோம்’ என்றே பெயர் வைத்தார்கள். அதற்காக மடிப்பட்டி வீண் என்று சொல்லமுடியாது. காருக்கு வெளியே தூக்கி வீசப்படுவதை அது தடுத்தது. ஆனால் விசையைத் தாங்கமுடியாத இடத்தில் போய் அதை இறக்கியது.

இந்தச் சிக்கலை அவிழ்த்தவர் சுவீடனைச் சேர்ந்த நில்ஸ் போலின். 1958 இல் வோல்வோவுக்கு வருமுன் சாப் நிறுவனத்தில் போர் விமானிகளை வெளியே எறியும் ஆசனங்களை வடிவமைத்தவர். மனித உடம்பு எவ்வளவு விசையை, எந்த இடத்தில் தாங்கும் என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். மூன்று புள்ளிப் பட்டி அவருடைய தனிக் கண்டுபிடிப்பு இல்லை. 1955 இலேயே அமெரிக்காவில் ரொஜர் கிறிஸ்வோல்டும் ஹியூ டிஹேவனும் அப்படி ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றிருந்தார்கள். ஆனால் அந்த வகைப் பட்டிகளில் கொளுக்கி வயிற்றுக்கு நேரே வரும். போலின் அதை இடுப்புக்குப் பக்கத்தில், கீழே கொண்டுபோனார். ஒரு பகுதி இடுப்பெலும்பிலும், மற்றது தோளெலும்பு, நெஞ்செலும்பு வழியாகவும் போகும். விசை முழுக்க எலும்புகளில் பிரிந்து இறங்கும். ஒரு கையாலேயே போடவும் முடியும். கஷ்டமாக இருந்தால் ஒருவரும் போடமாட்டார்கள் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

1959 இல் அந்தப் பட்டியுடன் வோல்வோ கார்கள் வந்தன. காப்புரிமை கையில் இருந்தும், மற்றக் கம்பனிகளும் பாவிக்கட்டும் என்று வோல்வோ அதைத் திறந்துவிட்டது. 1967 இல் போலின் சுவீடனில் நடந்த 28,000 விபத்துகளின் தரவை வெளியிட்டார். பட்டி போடாதவர்கள் எல்லா வேகங்களிலும் இறந்திருந்தார்கள். மூன்று புள்ளிப் பட்டி போட்டவர்களில், மணிக்கு ஏறத்தாழ 96 கிலோமீற்றருக்குக் குறைந்த வேகத்தில் ஒருவரும் இறக்கவில்லை. 1970 இல் அவுஸ்திரேலியாவின் விக்ரோறியா மாநிலம் பட்டி போடுவதைச் சட்டமாக்கியது.

கதை இங்கே முடிந்திருந்தால் நல்லாயிருக்கும். முடியவில்லை. 2011 இல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வின்படி, ஒரே மாதிரியான விபத்தில், பட்டி போட்ட பெண் சாரதிக்குக் கடும் காயம் ஏற்படும் சாத்தியம் பட்டி போட்ட ஆணைவிட 47 வீதம் அதிகம். இதற்குப் பட்டி மட்டும் காரணமில்லை. உயரம், ஆசனத்தில் இருக்கும் விதம், கழுத்தின் பலம் எல்லாம் சேரும். ஆனால் மோதல் சோதனைகளில் பல பத்தாண்டுகளாக இருத்திப் பார்த்தது பெரும்பாலும் சராசரி ஆணின் அளவுப் பொம்மையை. பெண் பொம்மை என்று பாவித்ததும் அதே ஆணைச் சுருக்கியதுதான். சராசரிப் பெண்ணின் உடலமைப்பில் ஒரு பொம்மையை 2022 இல்தான் அஸ்ட்ரிட் லிண்டரின் குழு காட்டியது. அதுவும் சுவீடனில்தான்.

போலின் கேட்ட கேள்வி, விசை உடம்பில் எங்கே இறங்கவேண்டும் என்பது. யாருடைய உடம்பில் என்ற கேள்வியை இப்போதுதான் ஒழுங்காகக் கேட்கத் தொடங்கியிருக்கிறார்கள். அதற்கு வடிவமைப்பாளர்கள் பதில் தேடட்டும். எங்கள் கையில் இருப்பது சின்ன விசயம். அடுத்தமுறை காரில் ஏறும்போது, பின்சீற் என்றாலும், பட்டியின் கீழ்ப்பகுதியை வயிற்றில் விடாமல் இடுப்பெலும்பில் பதியும்படி இழுத்துவிடுங்கள். தோள்பட்டியைக் கைக்குக் கீழே செருகாதீர்கள். கர்ப்பிணி அக்கா பக்கத்தில் இருந்தால், பட்டியை வயிற்றுக்குக் கீழே போடச் சொல்லுங்கள். பொலிஸ் நின்றாலும் சரி, நிற்காவிட்டாலும் சரி.