காப்புரிமை

காப்பு + உரிமை. 'பேட்டன்ட்' என்பதற்கு நாம் வழங்கும் சொல். அந்த ஆங்கிலச் சொல்லின் மூலம் லத்தீன்; பொருள், திறந்திருத்தல். எவரும் படிக்கும்படி மூடாமல் முத்திரையிட்ட அரச மடலே முதலில் அப்பெயர் பெற்றது. நம் சொல்லில் காவல் உண்டு, திறப்பு இல்லை. எனக்கு இது குறைதான்: நுட்பத்தை முழுதும் வெளியிட்டால்தானே மலேசியாவின் 1983ஆம் ஆண்டுச் சட்டம் 20 ஆண்டுக்கு உரிமை தருகிறது!

டத்தோ கிராமாட் சாலைக் கடையொன்றில் கைத்தொலைபேசித் தாங்கி விற்கிறது என்று வைத்துக்கொள்வோம். கீல் மடங்கும் விதம் புதிது, எளிதில் எவருக்கும் தோன்றாதது என்றால் காப்புரிமை. மனுவில் உரிமைக்கோரல் பகுதியே உயிர். அதில் எழுதாதது கைக்கு வராது. தோற்றம் மட்டும் புதிதா? அதற்கு 1996ஆம் ஆண்டின் தொழில்துறை வடிவமைப்புச் சட்டம். அங்கே படம்தான் பேசும். செயலுக்காகவே அமைந்த வடிவம் சேராது.