ஆனவண்டியின் கடன் யாருடைய கடன்?

கேரள அரசுப் பேருந்தின் பக்கவாட்டில் இரு யானைகள் எதிரெதிரே நிற்கும் முத்திரையைப் பார்த்திருப்பீர்கள். மலையாளிகள் அதைக்கொண்டே அவ்வண்டியை ‘ஆனவண்டி’ என்று செல்லமாக அழைக்கிறார்கள். கேரள மாநிலச் சாலைப் போக்குவரத்துக் கழகத்தின் நட்டம் பேசப்படும்போதெல்லாம் தொழிற்சங்கங்களின் பிடிவாதம், நிர்வாகச் சீர்கேடு என்னும் இரு விடைகள் ஆயத்தமாக வந்து நிற்கும். இரண்டிலும் உண்மை உண்டு. எனினும் நட்டத்தின் வேர் நிறுவனத்தின் வரலாற்றுக்குள் இன்னும் ஆழமாக ஓடுகிறது என்பது என் எண்ணம்.

1938 பிப்ரவரி 20 அன்று திருவனந்தபுரத்தில் திருவிதாங்கூர் அரசின் போக்குவரத்துத் துறை தொடங்கப்பட்டது. மன்னர் சித்திரைத் திருநாள் குடும்பத்தினரோடு முதல் வண்டியில் ஏறினார். அதை ஓட்டியவர் ஈ. ஜி. சால்ட்டர். லண்டன் பயணிகள் போக்குவரத்து வாரியத்திலிருந்து வரவழைக்கப்பட்டுத் துறையின் கண்காணிப்பாளராக அமர்த்தப்பட்டவர் அவர். இங்கிலாந்திலிருந்து அடிச்சட்டங்கள் வந்தன. அவற்றின்மேல் உடல் கட்டியவர்கள் உள்ளூர்த் தொழிலாளர்கள். தொடக்க வழித்தடங்கள் தெற்கே நாகர்கோவிலை நோக்கிச் சென்றன. 1956இல் அப்பகுதி சென்னை மாநிலத்தோடு இணைந்ததால், கழகம் பிறப்பதற்கு முன்பே அதன் மூத்த தடம் ஒன்று அயல் மாநிலத்துக்குள் போய்விட்டது.

இங்கே கவனிக்க வேண்டியது, அது ஒரு ‘துறை’ என்பது. சர் சி. பி. இராமசாமி ஐயர் திவானாக இருந்த அக்காலத்தில் மின்சாரத்தைப் போலவே பேருந்தையும் அரசு தன் கடமைகளுள் ஒன்றாக மேற்கொண்டது. ஓட்டுநரும் நடத்துநரும் அரசு ஊழியர்கள். சென்னை மாகாணத்தின் பகுதியாக இருந்த மலபாரிலோ சாலைகள் பெரிதும் தனியார் வண்டிகளின் கையில் இருந்தன. இன்றும் தெற்கே அரசு வண்டியும் வடக்கே தனியார் வண்டியும் மிகுந்திருப்பதைக் காணலாம். மறைந்துபோன எல்லைகளைப் பேருந்து நிலையங்கள் நினைவில் வைத்திருக்கின்றன.

1965 ஏப்ரல் 1 முதல் அத்துறை, 1950ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்துக் கழகங்கள் சட்டத்தின்கீழ் தன்னாட்சிக் கழகமாயிற்று. அச்சட்டத்தைப் பொருளியல் மாணவர்கள் ஒருமுறையேனும் படிக்க வேண்டும். கழகம் வணிக நெறிகளின்படி நடக்க வேண்டும் என்கிறது 22ஆம் பிரிவு. அரசு தந்த மூலதனத்துக்கும் கழகம் வட்டி செலுத்த வேண்டும். 30ஆம் பிரிவு இன்னும் வியப்பானது: விரிவாக்கத்துக்கு ஒதுக்கியதுபோக இலாபத்தில் எஞ்சுவதைச் சாலை மேம்பாட்டுக்காக மாநில அரசிடம் ஒப்படைக்க வேண்டுமாம்! பேருந்து சம்பாதித்துச் சாலை போடும் என்று நம்பிய காலம் அது. அதே சட்டம் 34ஆம் பிரிவில் கழகத்துக்குக் கட்டளையிடும் உரிமையை அரசிடமே விட்டுவைத்தது. கட்டணத்தை நிர்ணயிப்பதும் அரசே. மாணவர் சலுகையை அறிவிப்பதும் அரசே. வருவாயில்லாத மலைத்தடத்தில் வண்டி ஓட வேண்டும் என்று சட்டமன்றத்தில் கேட்பவர்களும் மக்கள் பிரதிநிதிகளே. இலாபம் ஈட்டும் பொறுப்பு மட்டும் கழகத்தின் தலையில்.

துறையின் கடமைகளை வணிக நிறுவனத்தின் கணக்கேட்டில் எழுதிய இம்முரண், 1984இல் ஊழியர்களுக்கு ஓய்வூதியம் வழங்கப்பட்டபோது முற்றியது. கோரிக்கை நியாயமானதே. ஆனால் அதற்கென வலுவான நிதியம் திரளவில்லை. பழைய உழைப்பின் ஊதியத்தை அன்றன்றைய வசூலே சுமந்தது. பின்னர் ஓய்வுபெற்றோர் தொகை பணியிலிருப்போர் தொகையை மிஞ்சியது. 2018 முதல் கூட்டுறவுச் சங்கங்களின் கூட்டமைப்பு ஓய்வூதியத்தை முன்பணமாக வழங்க, அரசு பின்னர் வட்டியோடு திருப்பித் தருகிறது. அதே காலத்தில் பழைய அதிக வட்டிக் கடன்களை அடைக்க வங்கிகளிடம் 3,100 கோடி ரூபாய் நீண்டகாலக் கடன் பெறப்பட்டது. கடன் மறையவில்லை, தவணைதான் நீண்டது. 2022 ஓணத்தின்போது சம்பளத்தின் ஒரு பகுதியைக் கூப்பன்களாகத் தரலாமா என்ற பேச்சு உயர்நீதிமன்றம்வரை சென்றது. கூப்பனுக்கு எந்தக் கடைக்காரர் பால் தருவார் என்று ஒரு நடத்துநர் கேட்டிருந்தால், அவருக்கு என்ன விடை இருந்திருக்கும்?

அவ்வாண்டு ஏப்ரலில் ‘ஸ்விஃப்ட்’ என்னும் தனி நிறுவனம் ஓடத் தொடங்கியது. புதிய வண்டிகள், நெடுந்தொலைவுத் தடங்கள், ஒப்பந்த ஊழியர்கள். தாய்க் கழகத்துக்கு உதவவே இவ்வேற்பாடு என்பது அரசின் வாதம். அதில் சாரம் இல்லாமலில்லை. பழுதடைந்த வண்டிகளைக்கொண்டு வருவாயைப் பெருக்க முடியாது. ஆயினும் 1965இல் அரசு தன் கடமையைக் கழகத்திடம் தள்ளியதைப்போல, இப்போது எதிர்காலம் ஒரு நிறுவனத்திடமும் கடந்தகாலம் மற்றொன்றிடமும் பிரிக்கப்படுகின்றனவா என்ற ஐயம் எனக்கு எழுகிறது. ஸ்விஃப்ட்டின் ஓட்டுநருக்கு ஓய்வூதியக் கடப்பாடு இல்லை. ஆகவே அதன் கணக்கு சற்றுத் தூய்மையாகத்தான் தோன்றும். அந்தத் தூய்மையைத் திறமை என்று நம் ஆய்வேடுகள் எழுதிவிடக் கூடாது. இரு நிறுவனங்களின் செலவையும் ஒப்பிடுவோர், முதலில் ஓய்வூதியத்தை அரசின் கணக்குக்கு மாற்றி எழுதிப் பார்க்கட்டும். அதன் பிறகே ஆனவண்டி ஒரு கிலோமீட்டர் ஓட உண்மையில் என்ன செலவாகிறது என்பது தெரியும்.