உளிக்கு ஓர் உரிமச் சீட்டு

திருச்சிராப்பள்ளியிலிருந்து வயலூர் செல்லும் சாலையிலே ஒரு சிறு குன்று நிற்கிறது. உய்யக்கொண்டான் திருமலை என்பது அதன் பெயர். மலைக்கோட்டையைக் காண வருவோரில் பெரும்பாலோர் இக்குன்றை ஏறிட்டும் பார்ப்பதில்லை. பார்க்கவேண்டும் என்கிறோம் நாம். பக்திப் பெருக்கால் அல்ல, தோழர்களே! உழைக்கும் கைக்கு உரிமம் வழங்கிய ஒரு பழைய தீர்ப்பு அங்கே கல்லில் கிடக்கிறது, அதற்காக.

முதற் குலோத்துங்கனின் 48ஆம் ஆட்சியாண்டு. கணக்கிட்டால் 1118ஆம் ஆண்டு. ‘இரதகாரர்’ என்று வடமொழி ஏடுகள் அழைக்கும் கம்மாளர் எந்தெந்தத் தொழில் செய்யலாம் என்ற கேள்வி எழுகிறது. யாரிடம் போகிறது அக்கேள்வி? பட்டறைக்கா? பணிக்களத்துக்கா? இல்லை. இராசாசிரயச் சதுர்வேதிமங்கலத்துப் பட்டர்களிடம் போகிறது. அவர்கள் ஏடுகளைப் புரட்டுகிறார்கள், சாத்திரங்களை அலசுகிறார்கள், முடிவு சொல்கிறார்கள். கட்டடம் எழுப்பலாம், வண்டியும் தேரும் செய்யலாம், கோபுரம் கட்டலாம், அதில் உருவங்கள் அமைக்கலாம், வேள்விக்குரிய கருவிகள் செய்யலாம், மண்டபம் எடுக்கலாம், மன்னர்க்கு அணிகலன் செய்யலாம். இதுவே அனுமதிப் பட்டியல்.

பட்டியலைப் படிக்கையில் ஓர் ஐயம் தோன்றும். இவையெல்லாம் சிறந்த தொழில்கள்தாமே, கொடுத்தார்களே தவிரத் தடுக்கவில்லையே என்று கேட்கத் தோன்றும். நாமும் முதலில் அப்படித்தான் எண்ணினோம். ஆனால் தகுதிக்கு அவர்கள் வைத்த அளவுகோல் எது என்று பாருங்கள். யாக்ஞவல்கியர் பெயரால் வழங்கும் நூலின்படி, க்ஷத்திரியத் தந்தைக்கும் வைசியத் தாய்க்கும் பிறந்தவன் மாஹிஷ்யன். வைசியத் தந்தைக்கும் சூத்திரத் தாய்க்கும் பிறந்தவள் கரணி. அவ்விருவர்க்கும் பிறந்தவன் இரதகாரன். உளியின் கூர்மை பற்றி ஒரு சொல் இல்லை. மரத்தின் நரம்பறிந்து இழைக்கத் தெரியுமா, கல்லின் நாதமறிந்து பிளக்கத் தெரியுமா என்ற சோதனை இல்லை. பாட்டன் பாட்டி யார் என்பதே சோதனை!

சென்ற ஆண்டு மாணவர் சிலரை அக்குன்றுக்கு அழைத்துச் சென்றோம். இந்த வரலாற்றைச் சொல்லி முடித்ததும் ஒன்பதாம் வகுப்புச் சிறுவன் ஒருவன் கேட்டான்: “ஐயா, தீர்ப்புச் சொன்னவர்களுக்குத் தச்சு வேலை தெரியுமா?” அவன் தந்தையார் தச்சர். நாம் விடை சொல்லவில்லை. அவனே சிரித்துக்கொண்டான்.

அனுமதி ஒரு பக்கம், வரி மற்றொரு பக்கம். தறி போட்டால் தறியிறை. செக்கு ஓட்டினால் செக்கிறை. பொன்வேலை செய்தால் தட்டாரப்பாட்டம். பானை வனைந்தால் குசக்காணம். துணி வெளுக்கும் கல்லுக்கு வண்ணாரப்பாறை. செப்பேடுகளும் கல்வெட்டுகளும் அடுக்கிச் சொல்லும் பெயர்கள் இவை. உழைப்பவன் கையிலிருந்து காசு வாங்க அரசுக்குக் கூச்சமில்லை. மதிப்புக் கொடுக்க மட்டும் தனி ஆணை வேண்டியிருந்தது! கொங்கு நாட்டுக் கம்மாளர்க்குக் கோனேரின்மைகொண்டான் என்ற பட்டம் பூண்ட மன்னன் விடுத்த ஆணையைப் பாருங்கள். திருமணத்திலும் சாவிலும் இரட்டைச் சங்கு ஊதிப் பேரிகை கொட்டிக்கொள்ளலாம்; வெளியே போகும்போது செருப்பு அணியலாம்; வீட்டுச் சுவருக்குச் சாந்து பூசலாம். அரசன் மாளிகைக்குச் சாந்து பூசத் தெரிந்தவன், தன் வீட்டுச் சுவருக்குப் பூச அரசாணைக்குக் காத்திருந்தான். இதைவிடக் கசப்பான நகைச்சுவையை எந்த நாடகாசிரியன் எழுத முடியும்?

காவிரியைக் கடந்து திருவரங்கம் போவோம். விசயநகரக் காலத்தில் தொடங்கி அடிநிலையோடு நின்றுபோன தெற்குக் கோபுரம், பல நூற்றாண்டு மொட்டையாகவே நின்றது. அதன்மேல் 13 நிலைகள் எழுந்து, 236 அடி உயரத்தில் பணி நிறைவுற்றது 1987 மார்ச்சில்தான். அண்ணாந்து பார்க்கிறோம், வியக்கிறோம். கட்டியவர்களின் தோளையும் கையையும் நினைக்கிறோம். சிலைக்குக் கண் திறப்பவன் சிற்பி. திறந்த பிறகு கருவறைக்கு வெளியே நிற்பவனும் அவனே. 1118இன் பட்டியல் கோபுரம் கட்ட அனுமதி தந்தது. உள்ளே நிற்க அல்ல.

கம்மாளர் வாளா இருந்தார்களா? இல்லை. 1818இல் சித்தூர் ஜில்லா அதாலத்து மன்றத்தில், தங்கள் சடங்குகளைத் தாங்களே நடத்திக்கொள்ளும் உரிமைக்காக வழக்காடினார்கள். அந்தத் துணிவைப் போற்றுகிறோம். ஆனால் ஒரு குறையையும் மறைக்க மாட்டோம்: ‘நாங்களும் பிராமணரே’ என்று வாதாடியவர்கள், ஏணியில் மேற்படி கேட்டார்கள், ஏணி எதற்கு என்று கேட்கவில்லை.

அந்த ஏணியை இருபதாம் நூற்றாண்டில் பள்ளிக்கூடத்துக்குள்ளேயே சாத்த முயன்றார்கள். 1953இல் இராசாசி அரசு கொண்டுவந்த திட்டத்தின்படி, நாட்டுப்புறப் பிள்ளைகளுக்கு நாளில் மூன்று மணி நேரமே பள்ளி. எஞ்சிய நேரம் பெற்றோரின் தொழில். குலக்கல்வித் திட்டம் என்று நாடு அதற்குப் பெயர் சூட்டியது. அவ்வாண்டு சூலையில், திருச்சி மாவட்டத்துக் கல்லக்குடியில் டால்மியாபுரம் என்ற பெயரை அழிக்கத் தோழர்கள் தண்டவாளத்தில் தலைவைத்தபோது, சென்னையில் சம்பத் தலைமையில் இத்திட்டத்தை எதிர்த்து மறியல் நடந்தது. 1954இல் இராசாசி பதவி விலகினார், காமராசர் முதல்வரானார், திட்டம் மடிந்தது. நம் பாட்டன்மார் பலருக்கு முழுநாள் பள்ளி கிட்டியது அதனால்தான். இந்த ஆசிரியர் பணியில் நாம் அமர்ந்திருப்பதும் அதனால்தான்.

இன்று நிலை என்ன? மின்வேலை செய்ய விரும்புவோர்க்கு மின்கம்பியாள் உதவியாளர் தகுதிகாண் தேர்வு உண்டு. வயது 21 நிரம்பியிருக்க வேண்டும். ஐந்தாண்டுத் தொழில் அனுபவம் வேண்டும். தொழிற்பயிற்சி நிலையத்தில் செய்து காட்ட வேண்டும். தவறான இணைப்பு உயிரைக் குடிக்கும். ஆகவே சோதனை நியாயமே. தந்தை யார், அவர் தொழில் என்ன என்பது அங்கே தகுதி ஆகாது. பட்டர்கள் கேட்காத கேள்வியை அத்தேர்வு கேட்கிறது: வேலை தெரியுமா?

குறை இல்லாமல் இல்லை. உறையூரிலும் திருவரங்கத்திலும் மிதிவண்டியில் பையை மாட்டிக்கொண்டு வருகிறாரே, காலையில் கதவுக் கீல், நண்பகலில் குழாய்க் கசிவு, மாலையில் சுவர்ப் பூச்சு என்று எதற்கும் கை நீட்டுகிறவர், அவருக்கு முப்பதாண்டு அனுபவம் உண்டு. சான்றாகக் காட்டச் சீட்டு ஒன்றும் இல்லை. ஆயினும் அவரைக் காணும்போதெல்லாம் நமக்கு ஓர் உவகை. ஒரே நாளில் தச்சன், கொல்லன், கொத்தன் மூவரின் எல்லையையும் தாண்டுகிறார். 1118இன் பட்டியல் அவரை எந்த வரியில் எழுதும்?

2023 செப்டம்பர் 17இல் ஒன்றிய அரசு விசுவகர்மா திட்டத்தைத் தொடங்கியது. 18 தொழில்கள், குறைந்த வட்டியில் கடன், பயிற்சி, கருவி. உதவி நல்லதே. ஆனால் ‘குடும்பத் தொழில்’ என்ற சொல்லும் கூடவே வந்தது; பதினெட்டு வயதிலேயே சேரலாம் என்ற விதியும் வந்தது. கல்லூரிக்குப் போகும் வயதல்லவா அது? தமிழ்நாடு மறுத்தது. குடும்பம் வழிவழியாக அத்தொழில் செய்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையை நீக்கவும், வயதை 35 ஆக்கவும் கேட்டது. அவை ஏற்கப்படாததால் இத்திட்டத்தை இவ்வடிவில் நடத்த இயலாது என்று முதலமைச்சர் ஸ்டாலின் 2024 நவம்பரில் எழுதினார். 2025 ஏப்ரலில் 25 தொழில்களுடன் கலைஞர் கைவினைத் திட்டம் தொடங்கியது. அதிலே சாதியோ குடும்பத் தொழிலோ கணக்கில் இல்லை.

குன்றிலிருந்து இறங்கும்போது அந்தத் தச்சர் மகனை, பிற்காலத்தில் என்ன ஆக விருப்பம் என்று கேட்டோம். கணிதம் படிக்கப் போவதாகச் சொன்னான். விடுமுறையில் தந்தையாரிடம் இழைப்புளி பிடிக்கவும் கற்கிறானாம். “யார் கேட்டார்கள் அனுமதி?” என்று நாம் வேடிக்கையாக வினவ, “யாரைக் கேட்கணும் ஐயா?” என்றான்.