கண்டக்டர் இல்லாத கச்சேரி

கண்டக்டர்னதும் விசிலும் தோல்பையும் ஞாபகம் வந்தா அது உங்க தப்பில்லை. ஆனா இவர் வேற கண்டக்டர். பெரிய ஆர்க்கெஸ்ட்ராவுக்கு எதிர்ல ஒரு சின்னக் குச்சியோட நின்னு, தான் எதையும் வாசிக்காம எல்லாரையும் வாசிக்க வைக்கிறவர்.

1937-ல் அமெரிக்காவின் என்.பி.சி. வானொலி, ஆர்த்துரோ டோஸ்கனினி என்ற இத்தாலியருக்காகவே ஒரு ஆர்க்கெஸ்ட்ரா ஆரம்பிச்சது. அதில் வயலின் வாசிச்ச சாமுவேல் ஆன்டெக் தன்னோட நினைவுகளை எழுதி வெச்சார். 1958-ல் அவர் இறந்தபிறகு, 1963-ல் அது புத்தகமா வந்தது.

டோஸ்கனினியே முதல்ல செல்லோ வாசிச்சவர்தான். 1886-ல் ரியோ டி ஜெனிரோவில் ஒரு ராத்திரி, கூட்டம் கூச்சல் போட்டு கண்டக்டரை விரட்டிடுச்சு. 19 வயசுப் பையனான இவரை மேடையேத்தினாங்க. 'ஐடா' ஓபராவை நோட்டைப் பார்க்காமலே நடத்தி முடிச்சார். கிட்டப்பார்வை ரொம்ப மோசம்; அதனால கடைசிவரை எல்லாமே மனப்பாடம்தான்.

கோபமும் பிரசித்தம். ரிகர்சல்ல கத்துவார், குச்சியை உடைப்பார். அவர் கத்தினது ஒலிப்பதிவாவே இருக்கு. எந்த ஐ.டி. கம்பெனியிலாவது ஒரு லீட் இப்படிக் கத்தினா அன்னிக்கு சாயங்காலமே பாதி டீம் ரெஸ்யூமை தூசி தட்டியிருக்கும். இவங்க மட்டும் எப்படித் தாங்கினாங்க? இந்தக் கேள்விதான் எனக்கு விடவே இல்லை.

பதில் 1954-ல் இருக்குன்னு தோணுது. ஏப்ரல் 4, நியூயார்க் கார்னகி ஹால், முழுக்க வாக்னர், வானொலியில் நேரடி ஒலிபரப்பு. டோஸ்கனினிக்கு வயசு 87. நடுவுல அந்த ஞாபகசக்தி கைவிட்டது. கை தடுமாறுச்சு. வானொலிக்காரங்க பதறிப்போய், ஒலிபரப்பை வெட்டி பிராம்ஸின் முதல் சிம்பொனி ரெக்கார்டைப் போட்டாங்க. 1937 டிசம்பர் 25-ல் இதே ஆர்க்கெஸ்ட்ராவோட அவர் நடத்தின முதல் கச்சேரியிலும் அதே சிம்பொனி இருந்தது! கொஞ்ச நேரத்தில் சுதாரிச்சுக்கிட்டு கச்சேரியை முடிச்சார். அதுக்கப்புறம் அவர் கச்சேரி மேடை ஏறவே இல்லை. 1957 ஜனவரியில் காலமானார்.

கிழவர் போனதும் என்.பி.சி. ஆர்க்கெஸ்ட்ராவைக் கைவிட்டுடுச்சு. வாசிச்சவங்க கலையலை. 'சிம்பொனி ஆஃப் தி ஏர்'னு பேர் வெச்சுக்கிட்டு, 1954 அக்டோபர் 27-ல் அதே கார்னகி ஹாலில் ஒரு கச்சேரி நடத்தினாங்க. கண்டக்டர் இல்லாம.

வெறும் பயத்துக்குக் கட்டுப்பட்ட கூட்டமா இருந்திருந்தா, கத்தறவர் போனதும் விட்டாச்சுடா சாமின்னு ஆளுக்கொரு பக்கம் போயிருப்பாங்க. இவங்களுக்கு அவர்கிட்டேருந்து கிடைச்சது காது. எங்கே ஏறணும், எங்கே அடங்கணும்னு யாரும் கையாட்டாமலே அவங்களுக்குக் கேட்டிருக்கு. கத்தலை நான் நியாயப்படுத்தலை. அது இல்லாமலும் அந்தக் காதைக் கொடுத்திருக்க முடியும்னுதான் நம்பறேன். ஆனா ஒரு வாத்தியார் எப்படின்னு பார்க்க, அவர் இல்லாத நாள்ல வகுப்பு எப்படி நடக்குதுன்னு பார்த்தா போதும்.