கோபுரம் எட்டிய பிறகு: தென்னாப்பிரிக்க ஊரகங்களில் இணையத்தின் விலையும் உடைமையும்

1997இல் தென்னாப்பிரிக்க அரசு தன் தொலைபேசி நிறுவனமான டெல்காமின் 30 விழுக்காட்டுப் பங்கை, அமெரிக்காவின் எஸ்பிசியும் மலேசியாவின் டெலிகாம் மலேசியாவும் சேர்ந்த கூட்டமைப்புக்கு விற்றது. டெல்காமுக்கு ஐந்தாண்டு ஏகபோக உரிமையும் கூடவே தரப்பட்டது. அதற்கு ஈடாக டெல்காம் சுமார் 27 லட்சம் புதிய இணைப்புகளைக் கொடுக்க வேண்டும். நிறவெறி ஆட்சி கைவிட்டிருந்த பகுதிகளுக்கு அதில் முன்னுரிமை. எண்ணிக்கையளவில் டெல்காம் சொன்ன சொல்லை ஏறக்குறையக் காப்பாற்றியது. ஆனால் அதே ஆண்டுகளில் மாத வாடகையும் உள்ளூர் அழைப்புக் கட்டணமும் ஏறின. கட்ட முடியாத வீடுகளில் இணைப்பு துண்டிக்கப்பட்டது. துண்டிக்கப்பட்டவை ஏறத்தாழ 20 லட்சம்.

கால் நூற்றாண்டுக்கு முந்தைய இந்தக் கணக்கை இங்கே முதலில் வைப்பதற்குக் காரணம் உண்டு. தென்னாப்பிரிக்க ஊரகங்களின் இணையம் பற்றிய கொள்கை இன்றும் அதே கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறது: எத்தனை பேருக்குச் சமிக்ஞை எட்டியது? நான்காம் தலைமுறைக் கைப்பேசிச் சேவை மக்கள்தொகையில் 95 விழுக்காட்டுக்கு மேல் எட்டிவிட்டதாக ஒழுங்குமுறை ஆணையமான இக்காசாவின் அறிக்கைகள் காட்டுகின்றன. அதே நாட்டில் 2021ஆம் ஆண்டின் பொதுக் குடும்பக் கணக்கெடுப்பின்படி, வீட்டில் நிலையான இணைய இணைப்பு வைத்திருந்த குடும்பங்கள் பத்தில் ஒன்றுதான்; அவற்றில் மிகப் பெரும்பாலானவை நகரங்களில். ஊரகத்தின் முதன்மைச் சிக்கல் இப்போது சமிக்ஞையின் எல்லை இல்லை, இணையம் விற்கப்படும் அலகும் அதை விற்பவரின் உடைமையும்தான் என்பது இக்கட்டுரையின் வாதம்.

ஊரகம் என்று ஒற்றைச் சொல்லில் அடக்குவதே இங்கு முதல் தடை. ஃப்ரீ ஸ்டேட் மாநிலத்தின் மக்காச்சோளப் பண்ணைகளும், ஈஸ்டர்ன் கேப்பில் பழைய டிரான்ஸ்கை நிலப்பரப்பின் குன்றுகளில் சிதறிக் கிடக்கும் குடியிருப்புகளும் புள்ளிவிவரத்தில் ஒரே தலைப்பின்கீழ் வரும். இணையச் சந்தையில் அவை இரண்டு வேறு நாடுகள். வணிகப் பண்ணைக்கு ஒரு காலத்தில் டெல்காமின் செம்புக் கம்பி இருந்தது. கம்பித் திருட்டும் பராமரிப்புச் செலவும் சேர்ந்து அதை முடித்துவைத்தன. அந்த இடத்தைச் சிறு கம்பியில்லா இணைய நிறுவனங்கள் பிடித்தன. தானியக் களஞ்சியக் கோபுரத்தின் உச்சியிலோ குன்றின் மேலோ வானலை வாங்கியைப் பொருத்தி, உரிமம் தேவைப்படாத 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் பண்ணை வீடு வரைக்கும் மாதச் சந்தாவில் இணைப்புக் கொடுக்கிறார்கள். 2006 முதல் இவர்களுக்கென்று சங்கமும் இருக்கிறது. எளிமையான, நன்றாக வேலை செய்கிற ஏற்பாடு.

நிறவெறி ஆட்சி கறுப்பினத்தவருக்கென்று ஒதுக்கிய பழைய ‘தாயகப்’ பகுதிகளுக்குள் இந்த ஏற்பாடு பெரும்பாலும் நுழையவில்லை. அங்கே நிலம் பாரம்பரிய ஆட்சியமைப்பின் பொறுப்பில் இருக்கிறது. குடியிருப்போரிடம் பத்திரம் கிடையாது, பலருக்குத் தெரு முகவரிகூடக் கிடையாது. மாதச் சந்தா ஒப்பந்தத்துக்கு வேண்டிய வருமானச் சான்று, கடன் வரலாறு, வங்கிக் கணக்கிலிருந்து பிடித்தம் ஆகிய மூன்றும் சேர்ந்து கிடைப்பது அரிது. ஆகவே அங்கே எஞ்சுவது ஒரே வழி: வோடகாம், எம்டிஎன், டெல்காம், செல் சி ஆகியவற்றில் எது எடுக்கிறதோ அதன் முன்கட்டண டேட்டா. பல பள்ளத்தாக்குகளில் ஒன்றோ இரண்டோதான் எடுக்கும். டேட்டாவை மட்டும் விற்கத் தொடங்கிய ரெயின் போன்ற புதிய நிறுவனங்கள் நகரங்களைச் சுற்றித்தான் வளர்ந்தன.

முன்கட்டண டேட்டா விற்கப்படும் விதத்தில்தான் அநீதி குடியிருக்கிறது. 2016இல் ‘டேட்டா விலை குறையட்டும்’ என்ற முழக்கம் சமூக ஊடகங்களில் கிளம்பி நாடாளுமன்றக் குழு வரை சென்றது. மறு ஆண்டு போட்டி ஆணையம் டேட்டா சந்தையைப் பற்றிய விசாரணையைத் தொடங்கியது. 2019 டிசம்பரில் வெளியான அதன் இறுதி அறிக்கை, அரசு அமைப்புகளிடம் அரிதாகக் காணப்படும் வெளிப்படையோடு, இந்த விலை முறை ஏழைகளுக்கு எதிரானது என்று எழுதியது. பெரிய தொகுப்பை மொத்தமாக வாங்க முடிந்தவருக்கு ஒரு மெகாபைட் மலிவு. கையிலிருக்கும் சில்லறைக்கு 20, 50 மெகாபைட் என்று வாங்குபவருக்கு அதே மெகாபைட் பல மடங்கு விலை. நாள் தொகுப்பு, மணிநேரத் தொகுப்பு, நள்ளிரவுத் தொகுப்பு என்று மலிவாகத் தோன்றுபவை எல்லாம் காலாவதிக் கெடுவால் கட்டுண்டவை. வோடகாமும் எம்டிஎன்னும் மாதத் தொகுப்புகளின் விலையை 30 முதல் 50 விழுக்காடு வரை குறைக்க இடமிருக்கிறது என்றும், முன்கட்டண வாடிக்கையாளர் அனைவருக்கும் நாள்தோறும் சிறு அளவு இலவச டேட்டா தர வேண்டும் என்றும் ஆணையம் சொன்னது. 2020 ஏப்ரலில் வோடகாமின் ஒரு ஜிகாபைட் மாதத் தொகுப்பு 149 ராண்டிலிருந்து 99 ராண்டாக இறங்கியது. எம்டிஎன்னும் அந்த விலைக்கு வந்தது.

வெற்றிதான், மறுக்கவில்லை. அதன் அளவைப் பார்ப்போம். அடுத்த மாதமே, கொரோனா ஊரடங்கில் வருமானம் இழந்த பெரியவர்களுக்கு மாதம் 350 ராண்ட் நிவாரண உதவித்தொகையை அரசு தொடங்கியது. குறைக்கப்பட்ட விலையிலும் ஒரு ஜிகாபைட், அந்த உதவித்தொகையில் நான்கில் ஒரு பங்குக்கு மேல். ஓரிரு மணி நேரம் காணொலிப் பாடம் பார்த்தால் தீர்ந்துபோகும் அளவு அது. 2024இல் தொகை 370 ராண்டாக உயர்ந்தது; விகிதம் பெரிதாக மாறவில்லை. இன்னும் கசப்பானது, இந்த உதவித்தொகைக்கே இணையவழியாகத்தான் விண்ணப்பிக்க முடியும் என்று அரசு வைத்திருந்த விதி. இணையம் வாங்கக் காசில்லாதவர், காசு கேட்க இணையம் வாங்க வேண்டியிருந்தது. 2025 ஜனவரியில் பிரிட்டோரியா உயர்நீதிமன்றம் இந்த விதியைச் செல்லாது என்றது. அரசு மேல்முறையீட்டுக்குப் போனது. டேட்டா விலையைப் பொழுதுபோக்குச் செலவாகப் பார்க்கும் பொருளாதாரக் கட்டுரைகளை இந்த வழக்கோடு சேர்த்து வாசிக்க வேண்டும். குடிமகனாக இருப்பதற்கே இங்கே மெகாபைட் கணக்கில் கட்டணம் வசூலாகிறது.

கோபுரங்களின் சிக்கல் தீர்ந்துவிட்டது என்று இதற்குப் பொருளில்லை. 2022, 2023 ஆண்டுகளின் மின்வெட்டுகள் ஊரகக் கோபுரங்களைக் கடுமையாகத் தாக்கின. மின்கலம் சில மணி நேரமே தாங்கும். திரும்பத் திரும்ப வெட்டினால் மறுபடி நிறைவதற்கு முன்பே தீரும். மின்கலத்தையே திருடிச் செல்வோரும் உண்டு.

அலைக்கற்றையின் கதை இதைவிட நீளமானது. 700, 800 மெகாஹெர்ட்ஸ் பட்டைகள் குன்றும் பள்ளமுமான நாட்டுப்புறத்துக்கு ஏற்றவை. தாழ்ந்த அதிர்வெண் தொலைவு போகும், சுவரையும் ஓரளவு ஊடுருவும், குறைந்த கோபுரங்களே போதும். 2022 மார்ச்சில் இக்காசா நடத்திய ஏலத்தில் ஆறு நிறுவனங்கள் மொத்தம் 14.4 பில்லியன் ராண்டுக்கு அலைக்கற்றை வாங்கின. வாங்கிய தாழ்பட்டைகளில் பழைய அனலாக் தொலைக்காட்சி இன்னும் ஒளிபரப்பாகிக்கொண்டிருந்தது. அதை நிறுத்துவதற்குப் பன்னாட்டு உடன்படிக்கை வைத்த கெடு 2015 ஜூன். அதன்பின் அரசு வைத்த கெடுக்களில் 2022 ஜூனில் அரசியலமைப்பு நீதிமன்றம் ஒன்றைத் தடுத்தது, 2025 மார்ச்சில் உயர்நீதிமன்றம் இன்னொன்றைத் தடுத்தது. இரண்டு வழக்குகளிலும் நீதிமன்றங்களின் கவலை நியாயமானது: மானிய விலை டிஜிட்டல் பெட்டி இன்னும் கிடைக்காத வீடுகள் ஒரே இரவில் தொலைக்காட்சியை இழந்துவிடும். அந்த வீடுகளே தாழ்பட்டை இணையத்தால் அதிகம் பயன்பெற வேண்டியவை. பெட்டி வழங்கும் வேலையை அரசு பத்தாண்டுகளாக முடிக்காததன் விலையை இரு முறையும் அவையே தருகின்றன.

ஊரே உடைமையாளரானால் என்னவாகும் என்று பார்க்க, இந்த இடத்தில் மன்கோசியைப் பற்றிச் சற்று விரிவாகப் பேச வேண்டும். ஈஸ்டர்ன் கேப்பின் கடலோரத்தில், இம்தாதா நகரிலிருந்து தொலைவில், பன்னிரண்டு சிற்றூர்கள் சேர்ந்த பகுதி அது. 2012 வாக்கில் வெஸ்டர்ன் கேப் பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர்கள் சிலர், குறிப்பாக கார்லோஸ் ரே மொரேனோவும் பில் டக்கரும், ஊர் மக்களோடும் பாரம்பரியத் தலைவர்களோடும் சேர்ந்து ஒரு கம்பியில்லா வலையமைப்பைக் கட்டத் தொடங்கினர். வீட்டுக் கூரைகளில் வைஃபை கருவிகள், அவற்றுக்குச் சூரியத் தகடும் மின்கலமும், ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்குத் தாவிச் செல்லும் இணைப்பு. பல வீடுகளில் அப்போது மின்சாரமே இல்லை. ஆகவே முதல் வருமானம் இணையத்தில் வரவில்லை, அதே சூரிய மின்கலத்தில் கைப்பேசி மின்னேற்றித் தந்ததில் வந்தது. பிறகு வலையமைப்பு வழியே மலிவான பேச்சு, அதன்பின் இணையம். 2014இல் ஊரார் ‘ஸென்ஸெலெனி’ என்ற பெயரில் கூட்டுறவுச் சங்கமாகப் பதிவு செய்து, உரிம விலக்கையும் இக்காசாவிடமிருந்து பெற்றனர். பின்னாளில் அண்டைப் பகுதியான சிதுலேலேயிலும் இதே போன்ற கூட்டுறவு உருவானது.

மன்கோசி நமக்குக் காட்டுவது தொழில்நுட்பப் புதுமையை அன்று. அங்கிருக்கும் கருவிகள் பண்ணைகளுக்கு இணைப்புத் தரும் நிறுவனங்களிடம் இருப்பவைதான். மாறியது விற்பனை அலகு. வெளி இணையத்தோடு சேர்க்கும் மேல்நிலை இணைப்பை மொத்தமாக வாங்கி, ஊர் முழுவதும் பகிர்ந்துகொண்டு, பெரிய நிறுவனங்களின் விலையில் சிறு பங்குக்கு, அளவு பாராமல் பயன்படுத்த விட்டார்கள். முன்பு ரீசார்ஜ் அட்டை வழியாக ஜொகன்னஸ்பர்க் போன பணத்தில் ஒரு பகுதி ஊரிலேயே தங்கியது. கூரையில் கருவியை வைத்திருக்கும் வீட்டுக்காரருக்கு அதைக் காப்பதில் சொந்த அக்கறை உண்டு. இந்த ஏற்பாட்டின் பலவீனமும் தெளிவானதே: தொடக்கக் காலம் பல்கலைக்கழகத்தின் ஆய்வு நிதியில் நின்றது, கணக்கும் சட்டப் படிவமும் ஊர்க் கூட்டுறவுக்குப் பெருஞ்சுமை, அதற்கென்றே தனி இலாபநோக்கற்ற நிறுவனம் துணைக்கு வர வேண்டியிருந்தது.

சிறு உரிமதாரர்களுக்கு அரசு ஏற்கெனவே வாய்ப்புக் கொடுத்துத் தோற்றுவிட்டது என்பார்கள். 2001ஆம் ஆண்டின் சட்டத்திருத்தத்துக்குப் பிறகு, நூற்றுக்கு ஐந்து பேருக்கும் குறைவாகத் தொலைபேசி இருந்த பகுதிகளுக்குத் தனி உரிமங்கள் வழங்கப்பட்டன. பெரும்பாலானவை சில ஆண்டுகளில் முடங்கின. உண்மைதான். ஆனால் அந்த நிறுவனங்களிடம் எதிர்பார்த்தது, வோடகாமும் எம்டிஎன்னும் செய்ததையே சிறிய அளவில், குறைந்த முதலில், அவற்றோடு போட்டியிட்டுச் செய்ய வேண்டும் என்று. மொத்த விலை இணைப்புக்கும் அலைக்கற்றைக்கும் உறுதி தராமல் உரிமத் தாளை மட்டும் கையில் கொடுத்தார்கள். அந்தத் தோல்வி சிறிய அளவின் தோல்வி என்று சொல்ல அதில் சான்றில்லை.

செயற்கைக்கோள் இணையம் பற்றிய வாதம் இப்போது எல்லாவற்றையும் மூடி நிற்கிறது. மொசாம்பிக், போட்ஸ்வானா, ஜிம்பாப்வே, எஸ்வாட்டினி, தென்னாப்பிரிக்காவால் முழுவதும் சூழப்பட்ட லெசோத்தோ எல்லாம் செயற்கைக்கோள் இணையச் சேவையான ஸ்டார்லிங்குக்கு அனுமதி தந்துவிட்டன. தென்னாப்பிரிக்கச் சட்டமோ, உரிமம் பெறும் நிறுவனத்தில் 30 விழுக்காட்டுப் பங்கு வரலாற்றில் ஒடுக்கப்பட்ட பிரிவினரிடம் இருக்க வேண்டும் என்கிறது. 2025 மே மாதத்தில் தகவல் தொடர்பு அமைச்சர் சோலி மலாட்சி, பங்குக்கு ஈடாக வேறு வகை முதலீட்டையும் ஏற்கலாம் என்ற கொள்கை வரைவை வெளியிட்டார். பெரும் சர்ச்சை கிளம்பியது. இதில் என் நிலையை மறைக்க விரும்பவில்லை. தொலைப் பண்ணைக்கும் மலையடிவாரச் சிகிச்சை நிலையத்துக்கும் ஸ்டார்லிங்கின் வாங்கித் தட்டு பயன்படும், அதைத் தடுத்துவைப்பதால் ஊரக ஏழைக்கு எதுவும் கிடைக்கவில்லை. ஆனால் தட்டின் விலையையும், பல நூறு ராண்டுக்கு நிகரான மாதக் கட்டணத்தையும் 370 ராண்ட் உதவித்தொகை வாங்கும் குடும்பம் தனியாகத் தாங்காது. ஓர் ஊர் சேர்ந்து வாங்கிப் பகிர்ந்தால் கதை வேறு. அப்போது அது ஸென்ஸெலெனி போன்ற வலையமைப்புகளுக்கு இன்னொரு மேல்நிலை இணைப்பு. பங்குடைமை பற்றி இவ்வளவு உரக்கப் பேசும் இரு தரப்பிலும், ஊரார் தங்கள் வலையமைப்பைத் தாங்களே உடைமையாக வைத்திருப்பதைப் பற்றிய பேச்சு அநேகமாகக் கேட்பதில்லை என்பது வருத்தம் தருகிறது.

விலையின் வடிவத்தில் இக்காசா தலையிட முடியாது என்பது சரியன்று. 2019இல் அது கொண்டுவந்த விதிகளின்படி, டேட்டா 50, 80, 100 விழுக்காடு தீரும்போது நிறுவனங்கள் தெரிவிக்க வேண்டும். மீந்ததை நீட்டிக்கவும் பிறருக்கு மாற்றவும் வழி தர வேண்டும். ஒப்புதலின்றித் தொகுப்புக்கு வெளியே கட்டணம் பிடிக்கக் கூடாது. அதே அதிகாரத்தை ஒரு படி முன்னே கொண்டுபோய், சிறு தொகுப்பின் ஒரு மெகாபைட் விலை பெரிய தொகுப்பின் விலையைவிட எத்தனை மடங்கு கூடலாம் என்பதற்கு வரம்பு வைக்க முடியும். நிறுவனங்கள் ஆண்டு வருவாயில் 0.2 விழுக்காட்டைச் செலுத்தும் பொதுச்சேவை நிதி இருக்கிறது. அதை ஊர்க் கூட்டுறவுகளின் மேல்நிலை இணைப்புக் கட்டணத்துக்கு ஒதுக்கலாம்.

2013இல் எழுதப்பட்ட ‘சவுத் ஆப்பிரிக்கா கனெக்ட்’ கொள்கையின் முதல் கட்டம், ஓ.ஆர். டாம்போ, வெம்பே, உம்சின்யாதி உள்ளிட்ட எட்டு மாவட்டங்களில் அரசுக் கட்டடங்களுக்கு இணைப்புத் தருவதாக அமைந்தது. 2022 ஏலத்தின் நிபந்தனைகளும் பள்ளி, மருத்துவ நிலையம், காவல் நிலையம், பாரம்பரிய ஆட்சி அலுவலகம் என்றே பட்டியலிட்டன. மன்கோசி இருப்பது ஓ.ஆர். டாம்போ மாவட்டத்தில். அரசு செலவில் பள்ளிக் கட்டடம் வரை வரும் ஃபைபரின் கொள்திறனில் ஒரு பகுதியை, அடக்க விலையில், அந்த ஊரின் கூட்டுறவுக்கோ சிறு கம்பியில்லா நிறுவனத்துக்கோ கொடுக்கலாம். அதற்குப் புதிய கோபுரமோ புதிய சட்டமோ தேவையில்லை. இரண்டாம் கட்ட ஒப்பந்தங்களில் ஒரு பிரிவைச் சேர்த்தால் போதும்.