தனியே வரும் பெண்மணி: பிரான்சில் ஒரு பயண உரிமையின் வரலாறு

அறுபது வயதைக் கடந்த பெண்மணி ஒருவர் குறைந்த செலவில் தனியே பிரான்சைச் சுற்றிவரத் திட்டமிடுகிறார் என்றால், அவருடைய குறிப்பேட்டில் பெரும்பாலும் மூன்று கேள்விகளே இருக்கும்: எந்த ரயில், எங்கே படுக்கை, எவ்வளவு பணம். காண்போர் அதைத் துணிச்சல் என்று பாராட்டுவர். துணிச்சல் எக்காலத்திலும் இருந்தது. இல்லாமலிருந்தவை சட்டத்தின் இசைவும், ஐயமின்றித் திறக்கும் விடுதிக் கதவும், தனியாளுக்குக் கட்டுப்படியாகும் விலையும் ஆகும். இம்மூன்றும் வெவ்வேறு காலங்களில், வெவ்வேறு காரணங்களால் உருவாயின. பயணத்தைத் தனிமனிதத் துணிச்சலாக மட்டும் பார்க்கும்போது இந்த வரலாறு கண்ணில் படாமல் போகிறது.

'தூர் த பிரான்ஸ்' என்ற தொடர் இன்று மிதிவண்டிப் பந்தயத்தைக் குறிக்கிறது. அப்பந்தயம் தொடங்கியது 1903-இல். அதற்கு நெடுங்காலம் முன்பே, தச்சரும் கொல்லரும் கல்தச்சரும் தொழில் கற்பதற்காக ஊர் ஊராகச் சென்று வேலைசெய்த சுற்றுப்பயணத்துக்கு அப்பெயர் வழங்கியது. 'கொம்பஞ்ஞோன்' எனப்பட்ட அக்கைவினைஞர்களுக்கு ஒவ்வொரு நகரிலும் ஒரு தங்குமிடம் உண்டு. அதை நடத்திய பெண்ணை 'மேர்', அதாவது 'தாய்' என்று அழைத்தனர். இந்த அமைப்பில் சாலை ஆணுக்கும் அடுப்பங்கரை பெண்ணுக்கும் உரியவை. வயதில் மூத்த பெண் பயணத்துக்கு இன்றியமையாதவர். ஆயினும் பயணி அவரல்லர். பயணிக்குச் சோறும் படுக்கையும் தருபவர்.

சட்டமும் இப்பிரிவினைக்குத் துணைநின்றது. 1804-ஆம் ஆண்டின் குடியியல் சட்டத்தொகுப்பு மனைவி கணவனுக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்றது. கணவன் வாழத் தேர்ந்த இடத்துக்கெல்லாம் அவள் உடன்செல்லக் கடமைப்பட்டவள் என்றும் விதித்தது. 1816 முதல் 1884 வரை மணவிலக்கும் கிடையாது. மணமாகாத வயதுவந்த பெண்ணும் கைம்பெண்ணும் மட்டுமே தம் பெயரில் தாமே முடிவெடுக்கக் கூடியவர்களாக இருந்தனர். ஆகவே மணமான பெண் ஒருவருக்குச் சட்டப்படியான தன்னுரிமை பெரும்பாலும் கணவனின் மறைவுக்குப் பின்னரே, முதுமையை ஒட்டியே வாய்த்தது. உரிமை கிட்டிய வயதில் கையில் பணம் இருந்ததா என்பது வேறு கேள்வி.

இச்சட்டத்தின் எடையைத் தன் வாழ்விலேயே சுமந்தவர் ஃப்ளோரா திரிஸ்தான் (1803–1844). கணவனைப் பிரிந்தும் மணவிலக்குப் பெற இயலாத அவர், 1833-இல் பொர்தோ துறைமுகத்திலிருந்து பெரு நாட்டுக்குக் கப்பலேறியபோது தம்மை 'மத்மசேல்', அதாவது மணமாகாதவர் என்றே காட்டிக்கொள்ள நேர்ந்தது. திரும்பி வந்தபின் 1835-இல் ஒரு சிறுநூல் வெளியிட்டார். வெளியூர்ப் பெண்களை நன்முறையில் வரவேற்க வேண்டியதன் தேவை என்பதே அதன் பொருள். துணையின்றி நகருக்கு வரும் பெண்ணை விடுதிகள் ஐயத்தோடு நோக்குவதை அதில் எடுத்துரைத்தார். அவர் கேட்டது பெண்களின் மனவுறுதியை அன்று. அவர்களை வரவேற்று உதவும் ஒரு சங்கத்தை. அதற்கான விதிகளையும் அந்நூலிலேயே வகுத்தளித்தார். தனியே பயணம் செய்யும் பெண்ணின் இடர்ப்பாட்டை நிறுவனம் ஒன்றின் குறைபாடாகக் கண்டதே அச்சிறுநூலின் தனிச்சிறப்பு.

1838-இல் கணவன் அவரைத் துப்பாக்கியால் சுட்டான். குண்டு உடலில் தங்கியபடியே அவர் வாழ்ந்தார். 1844 ஏப்ரலில், தொழிலாளர்களை ஒரே சங்கமாகத் திரட்டும் நோக்கோடு நகரம் நகரமாகப் புறப்பட்டார். லியோன், மர்செய், துலூஸ் எனத் தொடர்ந்த அப்பயணம் நவம்பர் 14-ஆம் நாள் பொர்தோவில் அவரது மரணத்தோடு முடிந்தது. அப்போது அவருக்கு வயது 41. அப்பயண நாட்குறிப்பு 1973-இல்தான் நூலாக வெளிவந்தது. கைவினைஞர்களின் சுற்றுப்பயணப் பெயரான 'தூர் த பிரான்ஸ்' என்பதே அந்நூலின் தலைப்பாயிற்று.

ரயில் வந்தபின் சிக்கல் இன்னொரு வடிவம் பெற்றது. தொடக்ககால ரயில்பெட்டிகளின் அறைகளை இணைக்கும் நடைவழி இல்லை. அடுத்த நிலையம் வரும்வரை அறியாதவரோடு அடைபட்டிருக்க வேண்டும். 19-ஆம் நூற்றாண்டிலேயே 'தாம் சேல்', அதாவது 'தனியே வரும் பெண்மணி' என்று குறிக்கப்பட்ட அறைகள் தோன்றின. இச்சொற்றொடர் கருதத்தக்கது. பிரெஞ்சில் 'சேல்' என்ற ஒரே அடை துணையின்மையையும் ஏக்கம் தரும் தனிமையையும் ஒருங்கே சுட்டும். தமிழில் 'தனியே' என்பதற்கும் 'தனிமை' என்பதற்கும் இடையே உணரப்படும் இடைவெளி அங்கே சொல்லளவில் இல்லை. இன்றும் பிரான்சின் இரவு ரயில்களில் பெண்களுக்கான படுக்கை அறை அப்பெயராலேயே வழங்குகிறது. ஓர் இரவின் விடுதிச் செலவை மிச்சப்படுத்த விரும்பும் பயணிக்கு அந்தப் பழைய சொல் இன்றும் பயன்படுகிறது.

மலிவான பயணம் 20-ஆம் நூற்றாண்டின் ஆக்கம். 1936-இல் மக்கள் முன்னணி அரசு இரண்டு வார ஊதிய விடுப்பை வழங்கியது. லெயோ லக்ராஞ்சின் முயற்சியால் ரயில் கட்டணத்தில் 40 விழுக்காடு தள்ளுபடியும் கிடைத்தது. ஆனால் அவ்விடுப்பு ஊதியத்தோடு பிணைந்தது. வீட்டில் ஊதியமின்றி உழைத்த பெண்ணுக்கு விடுப்பு என்ற ஒன்றே சட்டத்தில் இல்லை. மார்க் சாஞ்ஞியே தொடங்கிய மலிவு விடுதிகளும் 'இளைஞர் விடுதி' என்ற பெயரையே தாங்கின. இன்று அவற்றுக்கு மேல்வயது வரம்பில்லை; பெயர் மட்டும் மாறவில்லை. அப்பெயரைக் கண்டே அவ்விடுதிகளைத் தமக்குரியவையல்ல என ஒதுக்கிவிடும் மூத்த பயணிகள் உண்டு.

மணமான பெண்ணின் கீழ்ப்படிதற் கடமை 1938-இல் நீக்கப்பட்டது. கணவனின் இசைவின்றி வேலைக்குச் செல்லவும் வங்கிக் கணக்குத் தொடங்கவும் உரிமை 1965 ஜூலை 13-ஆம் நாள் சட்டத்தால் வந்தது. இன்று எண்பதைக் கடந்த பிரெஞ்சுப் பெண்மணி, அச்சட்டம் நிறைவேறியபோது ஏறத்தாழ இருபது வயதினர். எனவே தம் பணத்தில், தம் பெயரில், தனியே பயணம் போகும் மூதாட்டி என்பவர் பழைய மரபின் எச்சம் அல்லர். அவர் மிக அண்மையில் தோன்றிய ஒரு குடிமகள். அரசுப் படிவங்களில் 'மத்மசேல்' என்ற கட்டத்தைக் கைவிடச் சொன்ன சுற்றறிக்கையும் 2012-இல்தான் வந்தது.

இப்போது அந்தக் குறிப்பேட்டுக்குத் திரும்பலாம். ரயில் என்ற கேள்விக்கு, அறுபது வயது நிறைந்தோர்க்கான ஆண்டுச் சலுகை அட்டையும் அதன் 30 விழுக்காட்டுத் தள்ளுபடியும் விடை தருகின்றன. கடினமானது படுக்கை பற்றிய கேள்வியே. வழக்கமான விடுதி அறைக்கு விலை வைக்கிறது, ஆளுக்கு வைப்பதில்லை. தனியே வருபவர் இருவருக்கான வாடகையை ஒருவராகவே செலுத்துகிறார். சட்டத்திலிருந்து நீங்கிய 'இணை' என்ற அலகு விலைப்பட்டியலில் இன்னும் நீடிக்கிறது. இதற்கு விலக்கானவை ஆளுக்கொரு படுக்கை என்று கணக்கிடும் இளைஞர் விடுதிகளும், நெடுந்தூர நடைப்பாதைகளில் உள்ள 'ழீத் தெத்தாப்' எனும் வழித்தங்கல்களும். லெ புய் நகரிலிருந்து ஸ்பெயின் எல்லை நோக்கிச் செல்லும் பாதையில் இத்தகைய தங்கல்கள் பல. இரவுணவு, படுக்கை, காலையுணவு மூன்றும் ஒரே கட்டணத்தில் கிடைக்கும். பொதுமேசையில் அனைவரும் சேர்ந்து உண்பர்.

அந்த மேசை அமைப்பு கைவினைஞர்களின் பழைய தங்குமிடத்தை நினைவூட்டுவது. பரிமாறும் 'தாய்' என்ற இடத்தில் மட்டுமே ஒருகாலத்தில் இருந்த வயதான பெண், இன்று அங்கே முதுகுப்பையை இறக்கிவைத்துவிட்டு, உண்ண வந்தவராக அமர்கிறார்.