அரிசிக் கடையில் பிறந்த மருந்து

சென்னீர்குப்பத்தில் ஒரு மருந்துக் கடை வாசலில் நின்றுகொண்டிருந்தேன். ஆவடித் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர், மஞ்சள் பையிலிருந்து ஒரு புட்டியை எடுத்துக் கடைப் பையனிடம் நீட்டினார்.

"தம்பி, கொழுப்புக்கு டாக்டர் கொடுத்த மாத்திரையோடு இதையும் சாப்பிடலாமா? மகன் அமெரிக்காவிலிருந்து அனுப்பியிருக்கிறான். அரிசியில் செய்ததாம். இயற்கைச் சரக்குதானே?"

நானும் எட்டிப் பார்த்தேன். 'ரெட் ஈஸ்ட் ரைஸ்' என்று சீட்டு ஒட்டியிருந்தது.

"டாக்டரைக் கேட்காமல் வேண்டாம், ஐயா" என்றான் பையன். பெரியவரின் முகம் சுண்டிவிட்டது. ஆனால் பையன் சொன்னதற்குப் பின்னால் ஒரு சரித்திரமே இருக்கிறது.

ஜப்பானிய விஞ்ஞானி அகிரா எண்டோ, கொழுப்பைக் குறைக்கும் பொருளைத் தேடி ஏறக்குறைய 6,000 பூஞ்சைகளைச் சோதித்தார். கடைசியில் கைகொடுத்தது, கியோட்டோ நகரத்து அரிசிக் கடை ஒன்றின் அரிசியில் பூத்திருந்த பூஞ்சணம்! 1973-இல் அதிலிருந்து முதல் ஸ்டாட்டின் கிடைத்தது. 1979-இல் செவ்வரிசிப் பூஞ்சைக் குலத்திலிருந்து மோனகோலின் கே என்ற இன்னொன்றையும் கண்டார். அமெரிக்காவில் 1987-இல் லோவாஸ்டாட்டின் என்று விற்பனைக்கு வந்த மாத்திரையும் இதுவும் ஒரே பொருள்தான். நாம் பொங்கிச் சாப்பிடும் சிவப்பரிசி வேறு. இது அரிசியில் பூஞ்சை வளர்த்துச் சிவக்கவைத்த சரக்கு. ஆகவே, பெரியவரின் மாத்திரைக்கும் புட்டிக்கும் உறவு நெருங்கியது. இரண்டையும் விழுங்கினால் ஒரே வேலைக்கு இரட்டை மருந்து.

அதனால் என்ன என்கிறீர்களா? செரிவாஸ்டாட்டின் என்ற மாத்திரையின் கதையைக் கேளுங்கள். 2001 ஆகஸ்டில் பேயர் கம்பெனி அதைச் சந்தையிலிருந்து திரும்பப் பெற்றது. அமெரிக்காவில் மட்டும் 31 மரணங்கள் அதனோடு தொடர்புள்ளவையாக அறிவிக்கப்பட்டிருந்தன. அவர்களில் 12 பேர் ஜெம்ஃபிப்ரோசில் என்ற இன்னொரு கொழுப்பு மருந்தையும் சேர்த்துச் சாப்பிட்டவர்கள். முதல் மருந்து உடலைவிட்டுக் கழியும் வழியை இரண்டாவது மருந்து அடைத்துவிடும். இரத்தத்தில் தேங்கிய மருந்து தசைகளைச் சிதைக்கும்; சிதைந்த தசையின் கழிவு சிறுநீரகத்தைத் தாக்கும்.

இப்படி வழியடைப்பவை வேறும் உண்டு. கிளாரித்ரோமைசின் போன்ற சில கிருமிக்கொல்லிகள், இட்ராகோனசோல் என்ற பூஞ்சைக்கொல்லி, ஏன், நம் பம்பளிமாஸின் வாரிசான கிரேப்ஃப்ரூட் பழச்சாறுகூட! எல்லா ஸ்டாட்டினுக்கும் இது ஒரே அளவில் பொருந்தாது. அதனால்தான் டாக்டரைக் கேட்க வேண்டியிருக்கிறது.

காரணமில்லாத தசைவலி, சோர்வு, கறுத்த சிறுநீர் இவை கண்டால் உடனே அவரிடம் ஓட வேண்டும். அதற்காகப் பயந்துபோய் மாத்திரையைத் தாமாகவே நிறுத்திவிடுவதும் தவறு. எத்தனையோ இருதயங்களை அது காப்பாற்றி வருகிறது.

பெரியவர் சிறிது நேரம் யோசித்தார். பிறகு பையைக் கவிழ்த்து, இருந்த மருந்துகளையெல்லாம் மேஜைமீது பரப்பினார். லேகிய டப்பாவும் அதில் இருந்தது.

"ஒரு காகிதத்தில் எல்லாவற்றையும் எழுதிக் கொடு, தம்பி. நாளைக்கு டாக்டரிடம் காட்டிவிடுகிறேன்" என்றார்.